கதிரேசனுக்கு, பிரேசில் விஷயமாக

அன்புள்ள கதிரேசா,

நாங்கள் நலம். உன் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதும் உன் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நீயாக நாலு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

முதலில் செய்தி. மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்து, பாப்பாவும் அவரும் சாவோ பாவ்லோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உன் தங்கச்சி கொஞ்ச நாள் அழுதாள். இப்போது வீடியோவில் அவர்கள் வீட்டுக் கறுப்பு பீன்ஸ் குழம்பைப் பார்த்து, உப்பு போதுமா என்று இங்கிருந்தே கேட்கிறாள். எனக்குத்தான் வேறு வியாதி பிடித்துக்கொண்டது. மகள் போன ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்று படிக்க ஆரம்பித்தேன், கீழே வைக்க முடியவில்லை. பேச ஆளில்லாமல்தான் உனக்கு எழுதுகிறேன், பெருமைப்பட்டுக்கொள்ளாதே.

1998 மே மாதம், பொக்ரான் வெடித்த சமயம், பேராசிரியர் வீட்டு மொட்டைமாடியில் நீ போட்ட சத்தம் ஞாபகம் இருக்கிறதா? "பக்கத்து நாட்டுக்காரனை நம்பினவன் பிழைத்ததாகச் சரித்திரமே இல்லை" என்று மேஜையைத் தட்டினாய். அட்மிரல் வேட்டியெல்லாம் காபி. அன்றைக்குப் பதில் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. இப்போது இருக்கிறது, கேள்.

தென் அமெரிக்கா என்றால் நமக்குக் கால்பந்து. ஆனால் பிரேசிலும் அர்ஜென்டினாவும் பந்து உருட்டுவதற்கு வெகுகாலம் முன்பே பகையாளிகள். 1825-ல் ஒரே நிலத்துக்கு அடித்துக்கொண்டார்கள். 1828-ல் அது இருவருக்கும் இல்லாமல் உருகுவே என்ற தனி நாடானது. 1852-ல் அர்ஜென்டினாவின் சர்வாதிகாரி ரோசாஸைக் கவிழ்க்கப் பிரேசில் படை அனுப்பியது. அதற்குப் பிறகு நேருக்கு நேர் சண்டை இல்லை, ஆனால் சந்தேகம் மட்டும் போகவே இல்லை.

நூற்றாண்டு திரும்பியதும் போர்க்கப்பல் பைத்தியம் பிடித்தது. காப்பியும் ரப்பரும் விற்ற காசில் பிரேசில் பிரிட்டனிடம் ராட்சதக் கப்பல்கள் வாங்கியது. 'மினாஸ் ஜெராய்ஸ்' 1910-ல் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில், சாட்டையடி தாங்காத மாலுமிகள் ஜோவாவ் கான்டிடோ தலைமையில் கப்பலைக் கைப்பற்றி, அதன் பீரங்கிகளைச் சொந்தத் தலைநகரமான ரியோவை நோக்கியே திருப்பிவிட்டார்கள்! அர்ஜென்டினாவை மிரட்டச் செய்த பீரங்கி. அடிமை முறையை 1888-ல் ஒழித்த நாடு, கப்பலில் மட்டும் சாட்டையைக் கீழே வைக்கவில்லை.

இதைப் பார்த்து அர்ஜென்டினா அமெரிக்காவில் இரண்டு கப்பல் கட்டியது. சிலியும் பிரிட்டனில் இரண்டுக்குச் சொல்லி வைத்தது. பிரேசிலின் மூன்றாவது கப்பலுக்குக் காசு முட்டிப்போய், கட்டும்போதே 1913-ல் துருக்கிக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் மூண்டதும் பிரிட்டன் அதை அப்படியே அமுக்கிக்கொண்டது, சிலியின் கப்பலையும் எடுத்துக்கொண்டது. 1916-ல் ஜட்லாண்ட் கடற்போரில் இரண்டும் பிரிட்டிஷ் கொடியோடு ஜெர்மானியர்களைச் சுட்டன. ஒருவரை ஒருவர் மிரட்டச் செய்த செலவு யாருக்குப் பயன்பட்டது பார். இதை அட்மிரலுக்கு மட்டும் படித்துக் காட்டு, மனுஷர் தூங்கமாட்டார்.

இனி விளையாட்டுப் பேச்சு இல்லை. 1970-களில் இரண்டு பக்கமும் ராணுவ ஆட்சி. பரானா நதியில் பராகுவேயோடு சேர்ந்து இட்டாய்ப்பு அணை கட்டப் பிரேசில் 1973-ல் ஒப்பந்தம் போட்டது. கீழ்ப்பக்கம் இருப்பது அர்ஜென்டினா. எல்லா மதகையும் திறந்துவிட்டால் புவெனஸ் அய்ரஸ் மூழ்கிவிடும் என்றுகூட அங்கே பேசினார்கள். காவிரிக்காரர்களான நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கம் அணு. அர்ஜென்டினா 1974-ல் அட்டூச்சாவில் அணுமின் நிலையத்தை ஓட்டிவிட்டது. மறு ஆண்டே பிரேசில் மேற்கு ஜெர்மனியோடு எட்டு உலைகளுக்குக் கையெழுத்துப் போட்டது. அணுப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இருவருமே சேரவில்லை. நம்மைப் போலவே, அது பெரிய நாடுகளுக்கு ஒரு நீதி மற்றவர்களுக்கு ஒரு நீதி என்று சொன்னார்கள்.

இந்த இரண்டு ராணுவங்களும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துழைத்தன என்பதுதான் வயிற்றைப் புரட்டுகிறது. 1975 நவம்பரில் சிலியின் சாந்தியாகோவில் 'காண்டோர்' என்ற திட்டம் பிறந்தது. எல்லை தாண்டித் தப்பி ஓடிய எதிர்ப்பாளர்களைப் பிடித்துக் கொடுக்கவும், கொல்லவும் ஏற்பாடு. பிரேசிலும் அப்புறம் சேர்ந்துகொண்டது. அண்டை நாட்டை நம்பாதவர்கள், சொந்த மக்களை வேட்டையாட மட்டும் அந்த அண்டை நாட்டை நம்பினார்கள்.

அப்புறம் எப்படித் திரும்பியது? முதலில் தண்ணீர். 1979-ல் மூன்று நாடுகளும் உட்கார்ந்து அணைச் சண்டையைத் தீர்த்தன. 1982-ல் ஃபாக்லாந்தில் பிரிட்டனிடம் அர்ஜென்டினா தோற்றது. அந்தப் போரின்போது லண்டனில் அர்ஜென்டினாவின் காரியங்களைப் பார்த்துக்கொண்டது யார் தெரியுமா? பிரேசில் தூதரகம். 1983 நவம்பரில் யுரேனியம் செறிவூட்டக் கற்றுவிட்டோம் என்று அர்ஜென்டினா அறிவித்தது. அணுகுண்டுக்கும் வழிவிடும் வித்தை அது. அறிவிப்புக்கு முன்பே பிரேசில் அதிபருக்குக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. பகையாளிக்கு முதலில் சொல்லிவிட்டு அப்புறம் ஊருக்குச் சொல்வது! நீ மேஜையைத் தட்டியபோது எனக்கு இது தெரியாமல் போயிற்றே.

பிறகு வந்த மக்களாட்சி அதிபர்கள், அர்ஜென்டினாவின் ஆல்ஃபொன்சினும் பிரேசிலின் சார்னேயும், இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். 1985 நவம்பரில் எல்லையில் சந்தித்தபோது, ஆல்ஃபொன்சின் அந்த இட்டாய்ப்பு அணையையே போய்ப் பார்த்தார். 1987-ல் சார்னே, பட்டகோனியாவில் அர்ஜென்டினா ரகசியமாகக் கட்டியிருந்த பில்கானியேவு யுரேனியம் செறிவூட்டும் ஆலைக்குள் நடந்தார். மறு ஆண்டு ஆல்ஃபொன்சின் பிரேசில் கடற்படையின் ஆராமார் அணு ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார். எதிர்வீட்டுக்காரனைக் கூப்பிட்டுப் பீரோவைத் திறந்து காட்டுவது போல. 1990 செப்டம்பரில் பிரேசில் அதிபர் கோலோர் அமேசான் பக்கம் கஷிம்போவுக்குப் போய், அணுகுண்டுச் சோதனைக்காக ராணுவம் தோண்டியிருந்த 320 மீட்டர் குழிக்குள் சுண்ணாம்பை அள்ளிப் போட்டார், கேமரா முன்னால். 1991-ல் இரு நாடுகளும் சேர்ந்து ஏபிஏசிசி என்ற அமைப்பை ரியோவில் வைத்தன. பிரேசில் ஆலையை அர்ஜென்டினா ஆள் சோதிப்பான், அர்ஜென்டினா ஆலையைப் பிரேசில் ஆள் சோதிப்பான். இன்றைக்கும் நடக்கிறது.

நீ உடனே கேட்பாய்: அங்கே காஷ்மீர் இல்லையே? இல்லைதான். கடனில் இரண்டு நாடும் மூழ்கியிருந்ததும், ராணுவத்தின் பேர் கெட்டிருந்ததும் சேர்த்துக்கொள். ஆனால் நாமும் பாகிஸ்தானும் 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறோமே, கவனித்தாயா? போர் நடந்தாலும் பட்டியல் போகிறது, பட்டியல் வருகிறது. கதவைத் திறந்து காட்டியவர்தான் ஒருவரும் இல்லை. எனக்கு ஆதங்கமெல்லாம் அங்கேதான்.

அவர்களும் உத்தமர்கள் இல்லை. 2004-ல் பிரேசில் தன் ரெசென்டே யுரேனிய ஆலையில் சர்வதேச ஆய்வாளர்கள் கண்ணில் படாமல் இயந்திரங்களை மறைத்து வைத்து வம்பு செய்தது. 1999-ல் பிரேசில் நாணய மதிப்பைச் சரியவிட்டதில் அர்ஜென்டினா ஏற்றுமதி படுத்துவிட்டது. இப்போதைய அர்ஜென்டினா அதிபர் மிலேய், பிரேசில் அதிபர் லூலாவை ஊழல்வாதி, கம்யூனிஸ்ட் என்று தேர்தலில் திட்டியவர். ஆனாலும் 2024 ஆகஸ்டில் வெனிசுவேலா அர்ஜென்டினாத் தூதர்களை விரட்டியபோது, காரகாஸில் அந்தத் தூதரகப் பொறுப்பைப் பிரேசில்தான் ஏற்றது. திட்டிய வாயாலேயே மிலேய் நன்றியும் சொன்னார்.

மறுத்து எழுது, ஆனால் எழுது. தொலைபேசியில் கத்தாதே, உன் தங்கச்சி பயப்படுகிறாள். அம்மாவுக்கு என் வணக்கம். அட்மிரலின் மூட்டு ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்களா? பாப்பா எங்களை இகுவாசு அருவி பார்க்கக் கூப்பிடுகிறாள், இட்டாய்ப்பு பக்கத்திலேயே இருக்கிறது. வருவதாக இருந்தால் உன் பாஸ்போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பார்.

அன்புடன்,
சண்முகம்