அப்பாவின் இசப்கோலும் பெரியவளின் வாஃபிளும்

ஸ்டவாங்கர், நார்வே,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே சின்னவன் பிடுங்கிக்கொள்கிறான், அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் நீ கேட்டாயே, "வீட்டில் இட்லி இருக்கும்போது அந்தப் பிள்ளைக்கு எதற்கு வாஃபிள்?" என்று. அதற்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை.

பெரியவளுக்கு சீலியாக் என்று டாக்டர் சொன்ன அன்று எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியமும் ஆயுசுக்கும் கூடாது, இதற்கு மாத்திரை கிடையாது என்றார். சரி, நாம் அரிசி தின்கிறவர்கள், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். அப்பாவின் சுகருக்காக ராத்திரி சப்பாத்தி போடுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் இவள் உடம்பே இவள் சிறுகுடலைப் பகையாளி மாதிரி தாக்கும் என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

ஆனால் இது வாஃபிள் ஊர் அம்மா. சனிக்கிழமை பிள்ளைகளின் கால்பந்து என்றால் மைதானத்து ஓரத்தில் ஒரு மேசை இருக்கும். பெற்றோர் முறை வைத்து கோதுமை மாவு கரைத்துக் கொண்டுவந்து சுட்டு விற்பார்கள், காசு குழுவுக்குப் போகும். மூடி போட்ட சூடான அச்சில் மாவை ஊற்றி மூடிச் சுட்டால், வாஃபிள் ஐந்து இதயம் சேர்ந்த பூ மாதிரி வட்டமாக வரும். அதன்மேல் ஸ்ட்ராபெரி ஜாம், இல்லாவிட்டால் பழுப்புச் சீஸ். சீஸ் எடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீரைப் பாலும் க்ரீமும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிச் செய்வது அது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் யாரோ தெரியாமல் உப்பைக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கும். முதல் வருஷம் எனக்குப் பிடிக்கவே இல்லை, இப்போது ஒளித்துவைத்துத் தின்கிறேன். இன்னொன்று சொன்னால் சிரிப்பாய்: வாஃபிள் மாவில் இவர்கள் ஏலக்காய் போடுகிறார்கள்! மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது அந்த வாசனை வந்தால் நம் வீட்டு அடுப்படி ஞாபகம்தான்.

அப்படி ஒரு சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் கையில் வாஃபிளோடு நின்றபோது இவள் மட்டும் டப்பாவோடு நின்றாள். உள்ளே நான் வைத்த பொடி இட்லி. வீட்டுக்கு வந்து திறந்தால் அப்படியே இருக்கிறது. ஏன் சாப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வெறும் அரிசி மாவில் முதலில் செய்து பார்த்தேன். வேறொரு நாள் பார்த்திருக்கலாம். மாப்பிள்ளை கடலில் எண்ணெய் எடுக்கிற மேடைக்கு வேலைக்குப் போய்விட்டார் (இரண்டு வாரம் கடல், நாலு வாரம் வீடு, அது தெரியும் உனக்கு). நாலு மணிக்கு ஆபீஸ் விட்டு ஓடி, சின்னவனைக் கூட்டிக்கொண்டு, பெரியவளை நீச்சலில் விட்டு, நடுவில் வாஃபிள். மூடியைத் திறந்தால் பாதி மேலே, பாதி கீழே, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. சுரண்டியே அரைமணி நேரம் போயிற்று. இழுத்துப் பிடிக்கிற பசை குளூட்டன்தானே, அது இல்லாவிட்டால் மாவு உதிரத்தான் செய்யும்.

அதற்கு இங்கே ஒரு உமி விற்கிறார்கள். பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால், அப்பா ராத்திரி வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறாரே, அதே இசப்கோல்! அப்பாவிடம் சொல்லு, அவர் சமாசாரம் இப்போது பேத்தியின் வாஃபிளில்.

நீ அளவு கேட்டாய். அரிசி மாவு 200 கிராம், உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 75 கிராம், இசப்கோல் ஒரு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை மூன்று மேசைக்கரண்டி, உப்பு, ஏலக்காய். மூன்று முட்டை, 400 மில்லி பால், உருக்கிய வெண்ணெய் 100 கிராம். கலந்ததும் தோசைக்காரி புத்தியில் உடனே ஊற்றிவிடாதே, அரைமணி நேரம் ஊற விடு. இசப்கோல் தண்ணீரை இழுத்துக் கொழகொழவென்று ஆனபிறகுதான் மாவு சேர்ந்து நிற்கும். ஊற்றி மூடியதும் ஆவி வரும். அது அடங்குகிற வரைக்கும் மூடியைத் தொடக்கூடாது. இந்தப் பொறுமைதான் எனக்கு வருவதில்லை. பழைய அச்சின் இடுக்கில் கோதுமை மாவு ஒட்டியிருக்கும் என்று புது அச்சு வாங்கிவிட்டேன்.

இப்போது ஞாயிறு சாயங்காலம் இரண்டு மடங்கு கரைத்துச் சுட்டு, நன்றாக ஆறவிட்டு, நடுவில் காகிதம் வைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிடுகிறேன். காலையில் டோஸ்டரில் இரண்டு நிமிஷம். புதன்கிழமைக்குள் பாதி காலி, சின்னவனுக்கும் இதுதான் வேண்டுமாம். நேற்று மைதானத்தில் சிநேகிதி ஒருத்தி பெரியவளிடம் பாதி கேட்டாளாம். கொடுக்கவில்லையாம்! திட்டத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை.

மே மாதம் வரும்போது நீ முறுக்கு கொண்டுவர வேண்டாம், வருத்தப்படாதே. நம் தெரு மில்லில் கோதுமை அரைத்த கையோடுதான் அரிசியும் அரைக்கிறார்கள். ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் குளூட்டனுக்கு மேல் இருந்தாலே இங்கே 'குளூட்டன் இல்லை' என்று எழுத முடியாது, நம் மில்லில் அதை யார் அளப்பது? பெருங்காயமும் பார்த்து வாங்கு. டப்பாவின் பின்னால் கோதுமை மாவு, மைதா என்று இருந்தால் வைத்துவிடு. எத்தனை வருஷம் சாம்பாரில் போட்டோம், ஒருநாளாவது அதைத் திருப்பிப் படித்தோமா?

ஏலக்காய் மட்டும் நிறையக் கொண்டு வா, இங்கே விலை கையைக் கடிக்கிறது. அப்பாவிடம் ஒரு டப்பா இசப்கோலும் வாங்கி வரச் சொல்லு. இங்கே வந்து என்னுடையதைக் காலி பண்ணிவிடப் போகிறார்.

அன்புடன்,
உன் மகள்