பல் விழுந்த கனவு

ஆசிரியர் அவர்களுக்கு,

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். விடியுமுன் 3 மணிக்கே எழுவதால் கனவு அறுபடாமல் நினைவில் நிற்கும். கனவு மிகுந்த தூக்கம் பின்னிரவில்தான் நீளுமாம். ஒரு நாள் பல் விழுந்ததாகக் கனவு கண்டேன். பல் விழுந்தால் வீட்டில் சாவு என்று உங்கள் கனவுப் பலன் பகுதியில் படித்து ஒரு வாரம் பயந்து கிடந்தேன். (அம்மைக்கு 84 வயது. இன்றும் நன்றாகவே திட்டுகிறார்.)

அப்புறம் என்னையே கேட்டேன்: கனவில் வந்தது பயமா, வெட்கமா? வெட்கம்தான். அதே வெட்கம் முந்தின நாள் எங்கே வந்தது? மழைக்கு முன் வெட்டிய கூலிப் பாக்கியைக் கேட்கப் போய், வாய் திறக்காமல் தோட்டத்துக்காரர் வாசலிலிருந்து திரும்பியபோது.

மறுநாள் கேட்டேன், பாதி கிடைத்தது. கனவுப் பலன் போடும்போது இப்படி இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் போடுங்கள்.

பால்வெட்டுத் தொழிலாளி,
குலசேகரம்