'பர்மாக்காரர்' வலிக்கவில்லை, 'கலா' வலித்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் எங்கள் வீட்டை இன்றும் 'பர்மாக்காரங்க வீடு' என்றுதான் சொல்வார்கள். அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. பர்மா பஜார், அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை என்று இந்த ஊரே அந்தப் பெயரைச் சொந்தமாக்கிக்கொண்டது. ஆனால் 1960-களில் ரங்கூனிலிருந்து கப்பலேறிய என் தாத்தா, அங்கே தன்னைக் 'கலா' என்று கூப்பிட்டதைக் கடைசிவரை மறக்கவில்லை. இந்தியாப் பக்கமிருந்து வந்தவர்களைக் குறித்த பழைய பர்மியச் சொல்தான் அது. சொல்லும் தொனியில் விஷம் ஏறிவிட்டது.

மலேசியாவில் தென்னிந்தியர்களைக் குறிக்கும் 'கெலிங்' என்பதும் அப்படித்தான். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து மதிப்போடு நிற்கிறது. அதே சொல்லை இன்று ஒரு தமிழர் முகத்துக்கு நேரே சொன்னால் வசை. நியூசிலாந்துக்காரர்களோ தங்களைக் 'கிவி' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

போன வாரம் மார்க்கெட்டில், எங்கள் பக்கத்து வீட்டு மணிப்பூர்ப் பெண்ணைக் கடைக்காரர் ஒருவர் 'ஏ சைனா' என்று கூப்பிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் பெண் எடுத்த காயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார். எனக்குத் தாத்தாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. வடசென்னைக் கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: எல்லாரையும் கூப்பிடுவதுபோல இவரைப் போன்ற பெண்களையும் 'வாம்மா' என்று கூப்பிடுங்கள்.

- ஒரு வாசகர், வியாசர்பாடி