செயலாளர் ஆண்டறிக்கை: கற்கரை ஊரிகளும் எமது நடமாட்டமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே,

கடந்த பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்கே மாதகல் தொடக்கம் பருத்தித்துறை வரையான சுண்ணாம்புக்கற் கரையில் வாழும், ஊரி எனப்படும் சிறு ஓட்டுயிர்களுக்கும் நத்தைகளுக்கும் எமது நடமாட்டத்தால் நேர்வதை அவதானிப்பதே இவ்வாண்டின் முதன்மைப் பணியாக அமைந்தது.

எமது கடலில் வற்றுக்கும் பெருக்கிற்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலால் பாறையில் இவ்வுயிர்களுக்குக் கிடைப்பது ஒடுங்கிய ஒரு பட்டையே. மேலே வெயிலும் கீழே இரைகௌவிகளும் இருக்க, ஒதுங்குவதற்கு அவற்றுக்கு வேறிடமில்லை. நாம் நடப்பதும் கல் புரட்டுவதும் சுவர் எழுப்புவதும் அதே பட்டையில்தான்.

ஆடி அமாவாசையன்று கீரிமலையில் பிதிர்க்கடன் தீர்க்கத் திரளும் மக்களால் பாறை மிதிபடுவது ஓரிரு நாட்களுக்கே. ஆண்டு முழுவதும் நிகழும் கல் புரட்டலே எமக்குக் கூடிய கவலை தருகிறது. நண்டுக்காகவும் சோகிக்காகவும் புரட்டிய கல்லைப் பெரும்பாலானோர் மீள வைப்பதில்லை. அவ்வாறு கிடந்த ஒரு கல்லின் அடிப்புறத்தில், வெள்ளை எள்ளை ஒட்டியதுபோல் செறிந்திருந்த நத்தை முட்டைகள் வெயிலில் காய்ந்திருக்கக் கண்டோம். உச்சிவேளையில் சிறு ஊரியானது உடலை உள்ளிழுத்து, ஓட்டின் விளிம்பை தான் சுரந்து உலர்ந்த சளியால் பாறையில் ஒட்டிக்கொண்டு, அடுத்த அலைக்காகக் காத்திருக்கிறது. கால் பட்டுப் பெயர்ந்து சுடுகல்லில் விழுந்தால், சேமித்த ஈரத்தையும் அது இழக்கக்கூடும்.

கப்பல்களின் அடிப்பாகத்தில் பாசி படியாதிருக்கப் பூசப்பட்ட ட்ரைபியூட்டைல்டின் எனும் வெள்ளீயச் சேர்வை, பெண் நத்தைகளில் ஆணுறுப்பை வளரச் செய்து, இங்கிலாந்துக் கரைகளில் சில இடங்களில் அவற்றின் இனத்தையே அழித்தது. 2001 இல் ஏற்கப்பட்ட சர்வதேசத் தடை 2008 இல் நடைமுறைக்கு வந்தது; பாவனை குறைந்த கரைகளில் நத்தைகள் மீண்டன. எனவே, படகுகளிலிருந்து சுரண்டிய பழைய வர்ணத்தைப் பாறையில் கொட்டாது சாக்கில் சேர்க்குமாறு கடற்றொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டோம். பலர் மனமுவந்து இசைந்தனர்.

வீதியைக் காக்கும் அலைதடுப்புச் சுவர்களை நாம் எதிர்க்கவில்லை. வீடுகளை அலையிடம் விட்டுவிட எவராலும் இயலாது. ஆயினும், வழுவழுப்பான சீமெந்துச் சுவரில் வெடிப்போ நீர் தேங்கும் குழியோ இல்லாமையால், கரையின் முழு வாழ்பட்டையும் ஒரே சுவரில் அற்றுப்போகலாம். அவுஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகச் சுவர்களில் நீர்க்குழிகள் அமைக்கப்பட்டபின் கூடுதலான உயிரினங்கள் குடியேறின. இனிக் கட்டப்படும் சுவர்களின் கடற்புறத்தைக் கரடாகவும் குழிகளுடனும் அமைக்குமாறு பிரதேச சபைக்கு விண்ணப்பிக்க, இச்சபையின் அங்கீகாரத்தை வேண்டுகிறேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

செயலாளர்