கலைச்செல்விக்கு, எம்ஷர் ஆற்றைப் பற்றி

அன்புள்ள கலை,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. குட்டிப் பெண் நடக்க ஆரம்பித்துவிட்டாளா? படம் அனுப்பு. இங்கே எல்லோரும் நலம். அண்ணன் வீடு மாறி அம்பத்தூருக்கு வந்துவிட்டதால், என் அம்மா வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருக்கிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், விண்ணப்பிக்கிறேன். ஜெர்மன் சான்சலர் ஃபெலோஷிப்புக்குத்தான். பான் நகரில் இருக்கும் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் அறக்கட்டளை அதை நடத்துகிறது. இந்தியா, சீனா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா என்று சில நாடுகளுக்கு மட்டும்தான். ஆண்டுக்கு ஐம்பது பேர் வரை எடுக்கிறார்கள். ஒரு வருடம் அங்கே தங்கி, நாமே வகுத்துக்கொண்ட ஒரு வேலைத்திட்டத்தைச் செய்ய வேண்டும். பட்டம் தரும் படிப்பு இல்லை. ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அரசு அலுவலகம், பத்திரிகை, தொண்டு நிறுவனம், கம்பெனி என்று எங்கே வேலை செய்பவரும் போடலாம். இளங்கலை முடித்து 12 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. நம் பேட்ச்சுக்கு அந்தக் காலம் நெருங்கிவிட்டது. அதனால்தான் இந்த வருடமே போட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"இத்தனை வருடம் கூவத்தோடு கிடந்துவிட்டு ஜெர்மனியில் போய் என்ன பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டிருந்தாய். அங்கேயும் ஒரு கூவம் இருந்தது, கலை. அதைப் பார்க்கத்தான் போக நினைக்கிறேன்.

எம்ஷர் என்று பெயர். ரூர் நிலக்கரிப் பகுதியின் நடுவே ஓடுகிற சின்ன ஆறு. டார்ட்மண்ட் பக்கத்தில் பிறந்து, கெல்சன்கிர்ஷன், எஸ்ஸென், ஓபர்ஹவுசன் ஊர்களின் வழியாகப் போய் ரைன் நதியில் சேர்கிறது. நீளம் எண்பது கிலோமீட்டர் சொச்சம், நம் கூவத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பகுதி முழுக்கச் சுரங்கமும் இரும்பு ஆலையுமாக நிறைந்தது. ஜனம் பெருகியது. கழிவெல்லாம் ஆற்றில் இறங்கியது. கீழே நிலக்கரி தோண்டத் தோண்ட மேலே தரை தாழ்ந்துகொண்டே போனதால் ஆற்றின் ஓட்டம் தடைப்பட்டு, அழுக்குத் தண்ணீர் தெருக்களில் தேங்கியது. நோய் பரவியது. பூமிக்கடியில் குழாய் பதிக்கலாம் என்றால் தரை இறங்கும்போது குழாய் உடைந்துவிடும். அதனால் ஆற்றையே சாக்கடையாக்கிவிட்டார்கள். தெரியாமலோ அலட்சியத்தாலோ நடந்தது இல்லை, திட்டம் போட்டே செய்தது. வளைவுகளை நிமிர்த்தி, அடியில் கான்கிரீட் போட்டு, இரண்டு பக்கமும் கரை உயர்த்தி, கிட்டே யாரும் போகாதபடி வேலி கட்டினார்கள். நூறு வருடத்துக்கு மேல் அந்த ஆறு அப்படித்தான் ஓடியது. அதன் கரையில் வளர்ந்த குழந்தைகளுக்கு ஆறு என்றாலே அந்த நாற்றம்தான் தெரிந்திருக்கும்.

சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து, தரை தாழ்வது நின்ற பிறகு, 1992இல் வேலையைத் தொடங்கினார்கள். நானூறு கிலோமீட்டருக்கு மேல் புதிய கழிவுநீர்க் குழாய்கள். அதில் முதன்மையான குழாய் மட்டும் டார்ட்மண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டர், சில இடங்களில் 40 மீட்டர் ஆழத்தில் போகிறது. 2021 முடிவில்தான் ஆற்றில் கழிவு விழுவது முழுசாக நின்றது. முப்பது வருடம், ஏறக்குறைய 550 கோடி யூரோ. எம்ஷரில் சேரும் போயே என்கிற ஓடையின் மேல்பகுதியில் ஒரு சின்ன மீன் இனம் எப்படியோ அழியாமல் தப்பியிருந்திருக்கிறது. அதைப் பிடித்து, சுத்தமான மற்ற ஓடைகளில் விட்டு வளர்க்கிறார்களாம். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் குழாய் பதிக்கக் கற்றுக்கொள்வதற்காக நான் அங்கே போகவில்லை. அது நமக்கும் தெரியும். நீயும் நானும் படித்ததே அதுதானே. 1899இல் அங்கே எம்ஷர் கூட்டுறவுச் சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். ஆற்றுப்படுகையில் இருக்கிற ஊராட்சிகளும் நகராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் அதில் உறுப்பினர்கள். 1904இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. எவ்வளவு அழுக்குச் சேர்க்கிறாயோ, ஆற்றால் உனக்கு எவ்வளவு பயனோ, அதற்கு ஏற்பக் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டு உலகப் போர் வந்து போனது, ஆட்சிகள் மாறின, நிலக்கரிச் சுரங்கங்களே மூடப்பட்டன. சங்கம் இன்றைக்கும் எஸ்ஸெனில் இருக்கிறது. ஆற்றைச் சாக்கடையாக்கியதும் அதுதான், திரும்ப ஆறாக்கியதும் அதுதான்.

இங்கே பார். ஆறு நீர்வளத் துறையிடம். கழிவுநீர் மெட்ரோ வாட்டரிடம். மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். கரையில் குடியிருப்பவர்கள் வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம். எல்லோரையும் ஒருங்கிணைக்க நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை இருக்கிறது. ஆனால் முப்பது வருடத்துக்குத் தனக்கென்று வருமானமும் அதிகாரமும் உள்ள, ஆற்றுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டிய ஓர் அமைப்பு நம்மிடம் இல்லை. ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், திட்டம் முடிகிறது, பணமும் முடிகிறது, அடுத்த மழையில் பழையபடி ஆகிவிடுகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எத்தனை கூட்டங்களில் உட்கார்ந்து இதையே பேசியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அந்தச் சங்கத்தில் ஒரு நகராட்சி "என்னால் இவ்வளவு கட்ட முடியாது" என்று சொன்னால் என்ன நடக்கிறது, யார் பேசி முடிக்கிறார்கள், வாக்கு எப்படிப் பிரிகிறது? இதை நேரில் இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பத்தின் மையம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதும்போதுதான் கை நடுங்கியது. டார்ட்மண்டின் ஹோர்டே பகுதியில் ஒரு பெரிய இரும்பு ஆலை இருந்தது. அதை மூடி, பிரித்து, இயந்திரங்களைச் சீனாவுக்கு விற்றுவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஏரி அமைத்தார்கள். 2010இல் தண்ணீர் நிரப்பினார்கள். எம்ஷர் இப்போது அதன் ஓரமாக ஓடுகிறது. ஏரிக்கரையில் வசதியானவர்கள் வீடு கட்டினார்கள். பக்கத்தில் இருப்பது பழைய ஆலைத் தொழிலாளர்களின் ஊர். ஆறு சுத்தமான பிறகு அதன் பக்கத்தில் யார் வாழ்கிறார்கள்? கூவக்கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகரிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களோடு நான் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறேன். சென்ட்ரல் பக்கத்தில் வீட்டு வேலைக்கும் மூட்டை தூக்கவும் போய்க்கொண்டிருந்தவர்கள், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய் வேலையை இழந்தார்கள். பிள்ளைகள் நடுவருடத்தில் பள்ளி மாறினார்கள். ஆறு தெளிய வேண்டும் என்று இத்தனை காலம் கேட்டவள் நான். அதன் விலையை அவர்கள் மட்டும் கொடுக்கக் கூடாது. ஜெர்மனியில் இதற்கு விடை இருக்கிறது என்று நான் நம்பவில்லை. ஆனால் ஹோர்டேவில் இருபது வருடம் வாடகைக்கு இருந்தவர்களிடம் கேட்டால், நாம் என்னென்னவற்றை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்று தெரியும். இதையும் திட்டத்தில் சேர்த்திருக்கிறேன். ஒரு நண்பர், "இதை எடுத்துவிடு, பொறியியலோடு நிறுத்திக்கொள், தேர்வுக்குழுவுக்குக் குழப்பம் வரும்" என்றார். எடுக்கவில்லை.

படிவத்தைப் பற்றி விவரமாகக் கேட்டிருந்தாய். சொல்கிறேன். தன்விவரம், பரிந்துரைக் கடிதங்கள், சான்றிதழ்கள் எல்லாம் வழக்கமானவைதான். நேரம் பிடிக்கிற வேலை இரண்டு. ஒன்று, வேலைத்திட்டம். இன்னொன்று, அங்கே நம்மை ஏற்றுக்கொள்ளும் இடத்தை நாமே தேட வேண்டும். அறக்கட்டளை தேடித் தராது. நம் திட்டத்தைப் படித்து, ஒரு வருடம் வழிகாட்டுகிறேன் என்று அங்கே ஒருவர் கடிதம் தர வேண்டும். பொதுவாக, "உங்கள் நாட்டின் நீர் மேலாண்மையைக் கற்க விரும்புகிறேன்" என்று எழுதினால் யாரும் பதில் போட மாட்டார்கள். நான் எழுதியவர்களில் பலர் பதில் போடவில்லைதான். ரூர் பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் நகர நீரைப் பற்றி ஆராயும் ஒரு பேராசிரியர் மட்டும், கூவத்தில் எந்த இடத்தில் எந்தத் துறையின் எல்லை முடிகிறது என்று நான் போட்டு அனுப்பிய வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மூன்று பக்கத்துக்குக் கேள்விகள் கேட்டு எழுதினார். அந்தக் கேள்விகளால்தான் என் திட்டத்துக்கு உருவமே வந்தது. ஏற்புக் கடிதமும் அவர்தான் தருகிறார். நீ போடுவதாக இருந்தால் இங்கிருந்து தொடங்கு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உன் வேலையை அக்கறையாகப் படிக்கிற ஒருவர் கிடைப்பார்.

பணத்தைப் பற்றி அண்ணி உன்னிடம் கேட்டாளாம். மாதம் இரண்டாயிரம் யூரோவுக்கு மேல் தருகிறார்கள். குடும்பத்தை அழைத்துப் போனால் அதற்கும் உதவி உண்டு. தொடக்கத்தில் மொழி வகுப்பும் அவர்களே நடத்துகிறார்கள். ஆங்கிலம் நன்றாக வந்தால் விண்ணப்பிக்கப் போதும். ஆனாலும் வாடகைக்காரர்களிடம் பேச ஜெர்மன் வேண்டாமா? அதனால் நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவனில் மாலை வகுப்புக்குப் போகிறேன். வகுப்பில் பாதிப் பேர் நர்ஸுகள், வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுடைய உழைப்பைப் பார்த்தால் எனக்கே ரோஷம் வருகிறது. சமஸ்கிருத அறிஞரான மாக்ஸ் முல்லர் இந்தியாவுக்கு ஒரு தடவை கூட வந்ததில்லை. இயற்கை ஆய்வாளரான ஹம்போல்ட் இமயமலைக்கு வர ஆசைப்பட்டும் கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி தரவில்லை. இவர்கள் பெயரில் இருக்கிற வாசல்கள் வழியாக நாம் அங்கே போகிறோம் என்று நினைக்கும்போது மனசு நெகிழ்கிறது.

அப்புறம், உன் கிருதுமால். கடிதத்தின் கடைசியில் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, "இதெல்லாம் ஒரு திட்டமா" என்று விட்டுவிட்டாய். கோபம் வந்தது எனக்கு. புராணங்களில் நதி என்று இருந்த ஒன்று மதுரைக்குள் சாக்கடையாகி, பாதி இடத்தில் கட்டிடத்துக்கு அடியில் போகிறது. அதன் பழைய பாதையை வார்டு வார்டாக நடந்து குறித்து வைத்திருக்கிறாய். கைக்குழந்தையோடு. மாநகராட்சிப் பொறியாளர்களில் எத்தனை பேரிடம் அந்தக் குறிப்பு இருக்கும்? தேர்வுக்குழு கேட்பது இதைத்தான்: நீ ஏற்கெனவே எதைக் கையில் எடுத்திருக்கிறாய், அது ஏன் உன்னை விடாமல் பிடித்திருக்கிறது. அடுத்த வருடம் உனக்கும் தகுதி இருக்குமா என்று பட்டச் சான்றிதழில் தேதியைப் பார். இருந்தால் யோசிக்காதே.

என் வேலைத்திட்டத்தின் வரைவை இதோடு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிடு. சங்கத்தின் கட்டண முறையைப் பற்றி எழுதிய பத்தி புரிகிறதா, வாடகைக்காரர்களைப் பற்றிய பகுதி போதுமா என்று மட்டும் பார்த்துச் சொல். தயவு பார்க்காமல் சிவப்பு மையில் கிறுக்கு, ஹாஸ்டலில் செய்த மாதிரி. உன் கிருதுமால் குறிப்புகளின் நகலும் வேண்டும். பேராசிரியருக்குக் காட்ட அனுமதி உண்டா என்று எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம். குட்டிக்கு முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மீனா