இரு நிறுவன ரூட்டர்களுக்கு நடுவே எச்டிஎல்சியா, பிபிபியா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புதிய இடத்தில் நெட்வொர்க் பொறுப்பை நீ ஏற்றிருப்பதில் மிக்க மகிழ்ச்சி. வந்ததும் வராததுமாக உன் தலையில் விழுந்த சிக்கல் எனக்கு நன்கு பழக்கமானது என்பதால் தாமதிக்காமல் எழுதுகிறேன். ஒரு முனையில் சிஸ்கோ, மறுமுனையில் வேறு நிறுவனத்தின் ரூட்டர், இடையே ஒரு சீரியல் லைன். லைனில் தரவைப் பொதிந்து அனுப்பும் நெறிமுறை இரு பக்கமும் எச்டிஎல்சி என்றுதான் இருக்கிறது, ஆனாலும் இன்டர்ஃபேஸ் 'அப்' (கம்பி இணைப்பு சரி), லைன் புரோட்டோகால் 'டவுன்' (ரூட்டர்களுக்குள் பேச்சு நடக்கவில்லை) என்று காட்டுவது ஏன் என்று கேட்டிருந்தாய்.

பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வகுத்த எச்டிஎல்சி ஃபிரேமில், அதாவது தரவைச் சுமக்கும் பொதியில், உள்ளே வருவது ஐபியா வேறொன்றா என்று குறிப்பதற்கு இடமே கிடையாது. அதற்காக சிஸ்கோ, முகவரி பைட்டுக்கும் கட்டுப்பாட்டு பைட்டுக்கும் அடுத்து இரண்டு பைட்டுகளைத் தானாகச் சேர்த்துக்கொண்டது. ஐபி பாக்கெட் என்றால் அங்கே ஹெக்ஸில் 0800 என்றிருக்கும். இந்த அமைப்பை அறியாத ரூட்டருக்கு அந்த ஃபிரேம் வெறும் குப்பை. 10 நொடிக்கு ஒருமுறை சிஸ்கோ அனுப்பும் 'உயிரோடு இருக்கிறாயா' என்ற கீப்அலைவு செய்திக்கும் அதனிடமிருந்து உரிய பதில் வராது, ஆகவே லைன் புரோட்டோகால் விழுந்துவிடுகிறது. கீப்அலைவை நிறுத்திப் பார்க்கும்படி உன்னிடம் யாரோ சொன்னார்களாமே. நிறுத்தினால் 'அப்' என்று வரும், பிங் (மறுமுனையை எட்ட முடிகிறதா என்று பார்க்கும் சோதனை) மட்டும் போகாது. ஜூனிப்பர் நிறுவன ரூட்டர்களில் சிஸ்கோ எச்டிஎல்சி என்ற பெயரிலேயே ஒரு தேர்வு உண்டு. உன் மறுமுனை ரூட்டரில் அப்படி ஒன்று இல்லையென்றால் அந்த வழி அடைபட்டதுதான்.

எச்டிஎல்சிக்குப் பதிலாக, பிபிபி என்ற மற்றொரு இணைப்பு நெறிமுறையைத்தான் நான் சொல்வேன். அது கனமானது என்ற பேச்சை நம்பாதே: வழக்கமான அமைப்பில் இரண்டுக்குமே தலைப்பு 4 பைட்தான். 1994ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1661 என்ற இணையத் தர ஆவணத்தில் வெளிப்படையாக வரையறுக்கப்பட்ட நெறிமுறை என்பதால் எந்த நிறுவனத்துக்கும் அது சொந்தமில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, அது பேசிப் பார்த்து முடிவெடுக்கிறது என்பது. முதலில், இணைப்பை ஏற்படுத்தும் எல்சிபி என்ற பகுதி தன் நிபந்தனைகளை அனுப்புகிறது. மறுமுனை ஏற்கலாம், இந்த மதிப்பு வேண்டாம், வேறொன்று தருகிறேன் எனலாம், அந்த நிபந்தனையையே மறுக்கலாம். டிபக் (நடப்பதை ரூட்டர் வரிவரியாகக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் தகராறு எந்த இடத்தில் என்று அப்படியே தெரியும். உன் பக்கத்துக் கோரிக்கை மட்டும் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தால் மறுமுனை பிபிபியே பேசவில்லை என்று சந்தேகப்படு. எல்சிபி திறந்து, ஐபிக்கான பகுதியான ஐபிசிபி திறக்கவில்லை என்றால் ஐபி முகவரி அமைப்பைப் பார். எச்டிஎல்சி இப்படி எதையும் சொல்லாது, ஊமையாகக் கிடக்கும்.

பிபிபியில் மறுமுனையின் அடையாளத்தைச் சரிபார்க்கும் சாப் முறையை வைக்கப் போகிறாய் என்றால் ஒன்றைக் கவனி. வேறு பெயர் கொடுக்காதவரை, சிஸ்கோ தன் ஹோஸ்ட்நேமையே (ரூட்டருக்கு இட்ட பெயரையே) பயனர் பெயராக அனுப்புகிறது. மறுமுனை அந்தப் பெயரைத் தன் பட்டியலில் தேடி, அதற்குரிய கடவுச்சொல்லை எடுத்துச் சரிபார்க்கிறது. அழகுக்காக யாராவது ஹோஸ்ட்நேமை மாற்றினால், அப்போதைக்கு ஒன்றும் ஆகாமல், அடுத்த முறை லைன் விழுந்து எழும்போதுதான் இணைப்பு நின்றுபோகும். காரணத்தைத் தேடுபவருக்கு அந்தப் பெயர்மாற்றம் நினைவுக்கே வராது.

ஃபிரேம் ரிலே (சேவையாளரின் சுவிட்சுகள் வழியே கிளைகளை இணைக்கும் முறை) வழியாகப் போகும் கிளையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாய். அங்கும் இதே கதைதான்: சிஸ்கோவின் இயல்புநிலை அதன் சொந்த வடிவம், வேறு நிறுவன ரூட்டருக்கு எதிரே ஐஇடிஎஃப் என்ற பொதுத் தர வடிவத்துக்கு மாற்றிவிடு. இணைப்பின் நிலையைத் தெரிவிக்கும் எல்எம்ஐயின் வகையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. அது உனக்கும் சேவையாளரின் சுவிட்சுக்கும் இடையிலான விவகாரம்.

உன் லைன் இப்போது கீழே கிடப்பதால் மறுமுனைக் கன்சோலில் ஒருவரை உட்காரவைத்தாக வேண்டும். பின்னாளில், ஓடிக்கொண்டிருக்கும் லைனிலேயே தொலைவிலிருந்து என்கேப்சுலேஷனை (எச்டிஎல்சி, பிபிபி போன்ற பொதியும் முறையை) மாற்ற நேர்ந்தால், முதலில் தூரத்து ரூட்டரை மாற்று, தொடர்பு அறுந்ததும் உன் பக்கத்தை மாற்று. மாற்றிய பின்னும் எழவில்லை என்றால் டிபக் வரிகளை முழுவதுமாக அனுப்பி வை, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்