14 நாட்கள் கொடுக்க வேண்டிய மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கும் பழக்கம் எங்கள் பகுதித் தாய்மார்களிடம் வந்துவிட்டது. கூடவே தரப்படும் ஜிங்க் (துத்தநாக) மாத்திரைதான் பாதியில் நின்றுபோகிறது. மலம் கெட்டிப்பட்டதும் மூன்றாம் நாளே மாத்திரை அட்டை அலமாரிக்குப் போய்விடுகிறது.

போக்கு நின்றாலும் 14 நாட்கள் கொடுக்க வேண்டும். உடல் இழந்த துத்தநாகத்தை ஈடுகட்டி, அடுத்த 2, 3 மாதங்களில் போக்கு மீண்டும் வருவதையும் அது குறைக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-லேயே 10 முதல் 14 நாட்கள் கொடுக்கச் சொல்லிவிட்டன.

நம் நாட்டு வழிகாட்டுதலின்படி 2 மாதம் முதல் 6 மாதம் வரை 20 மி.கி. மாத்திரையில் பாதி, அதற்கு மேல் முழு மாத்திரை. 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு மாத்திரையைக் கரைக்கத் தண்ணீர் வேண்டாம்; கரண்டியில் தாய்ப்பாலைப் பீய்ச்சி, அதில் மாத்திரையைப் போட்டால் சற்று நேரத்தில் கரைந்துவிடும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

கேட்ட மாத்திரத்தில் ஆண்டிபயாடிக் சிரப் எடுத்துத் தரும் மருந்துக் கடைகள், ஜிங்க்கைக் கேட்டால் கையை விரிப்பது வேதனை. அரசு மருத்துவமனைகளிலும் அட்டையை நீட்டும்போதே "14 நாள்" என்று பேனாவால் எழுதிக் கொடுக்க சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

- அங்கன்வாடி பணியாளர் ஒருவர், தேனி மாவட்டம்